பொம்மைக்குக் குளிராது

"அத்தான், அந்த மெத்தையைப் பைக்குள்ள வைக்காதீங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? முதல்ல வெளிய எடுங்க!"

"மெத்தை இல்லம்மா இது, ஜாக்கெட்டு. இதைப் போட்டுக்கிட்டுத்தான் தினமும் கிடங்குல இருந்து உயிரோட திரும்பி வர்றேன்."

"உயிரோட திரும்பி வர்றதுக்கு நான் என்ன போருக்கா போறேன்? வேலை கேட்டுப் போறேன். இதை மாட்டிக்கிட்டு அந்தக் கடை வாசல்ல நின்னா, சரக்கு இறக்க வந்திருக்காங்கன்னு பின் கதவைக் காட்டுவாங்க!"

குண்டூசி அந்த ஜாக்கெட்டைத் தூக்கிக் கட்டில் மேல் போட்டாள். அது ‘புஸ்’ என்று மூச்சு விட்டபடி பாதிக் கட்டிலை அடைத்துக்கொண்டது. அத்தான் அதை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, தட்டிக் கொடுத்து, மடியில் வைத்துக்கொண்டார். அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததுமே திரும்பவும் பைக்குள் வைப்பார் என்பது அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

குண்டூசி என்றால் யார் என்று கேட்பீர்கள். துணிக்கடைப் பொம்மைகளுக்கு உடை உடுத்துவதுதான் அவள் வேலை. ஆளும் ஒல்லி. உதட்டோரத்தில் எந்நேரமும் நாலைந்து குண்டூசிகள் வேறு கவ்வியிருக்கும். அக்கா ஒரு நாள் விளையாட்டாகக் கூப்பிட்டாள், அதுவே நிலைத்துவிட்டது. அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அத்தானுக்குக் குளிர்க் கிடங்கில் மேற்பார்வை வேலை. மீனும் பட்டாணியும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிற இடம். ஆகவே குளிரைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், அவர் சொந்த மச்சானைப் பற்றிப் பேசுவது மாதிரி உரிமையோடு ஆரம்பித்துவிடுவார்.

விஷயம் இதுதான். மலைக்கு அந்தப் பக்கம், குளிர்காலத்தில் பனி கொட்டுகிற ஒரு பெரிய நகரம். அங்கே ஒரு பெரிய துணிக்கடை. தெரு நெடுக அந்தக் கடையின் கண்ணாடி ஷோகேஸ்கள்தான். குண்டூசி வேலை பார்க்கிற கடையில் ஒரே ஒரு கண்ணாடி. அதுவும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதில் தலை சீவிக்கொள்வார்களே தவிர, உள்ளே இருக்கும் பொம்மையைப் பார்க்க மாட்டார்கள். போதாக்குறைக்கு முதலாளி, "பொம்மை நேரா நிக்கணும், முன்னாடி பாக்கணும், பளிச்சுனு இருக்கணும், அவ்வளவுதான்" என்று தினமும் ஒரே பாட்டு. ஒரு தெரு முழுக்கக் கண்ணாடிகள் தன் கையில் கிடைத்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று குண்டூசி நினைத்து நினைத்தே தூக்கம் கெட்டுப் போயிருந்தாள். பல தடவை எழுதிப் போட்டும் பதில் வராத அந்தக் கடையிலிருந்து, திடீரென்று போன வாரம் ஃபோன் வந்தது. பேசியது மேலாளர் அம்மா.

"வாங்க. ஒரு ஷோகேஸைக் குடுக்குறோம். அலங்காரம் பண்ணிக் காட்டுங்க. பிடிச்சா வேலை உங்களுக்கு. அப்புறம், நீங்க எப்படி உடுத்திக்கிட்டு வர்றீங்கங்கறதையும் பாப்போம்."

அந்தக் கடைசி வரிதான் குண்டூசியைப் பிடித்து ஆட்டி வைத்தது. நாளைச் சாயங்காலம் ரயில். இன்னும் பை மூடின பாடில்லை.

"அக்கா, இங்க பாரேன்." குண்டூசி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

அக்கா வாயைத் திறந்தவள் மூடவில்லை. கோட்டு அப்படி இருந்தது. மாதுளை முத்து நிறம். முழங்காலுக்குக் கீழே வரை நீளம். தோளிலிருந்து இடுப்புக்கு ஒரே கோடாக இறங்கி, அங்கிருந்து மெல்ல விரிந்தது. போன பருவம் முழுக்கக் கடைப் பொம்மை மேல் தொங்கிக் கிடந்த கோட்டு அது. அளவு பெரிது என்று ஒருவரும் வாங்கவில்லை. முதலாளி, "நீயே வெச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டார். குண்டூசி அதைத் தன் உயரமும் தன் அளவும் கொண்ட பொம்மைக்குப் போட்டு, முதுகுப் பக்கம் மடித்துப் பிடித்து, ஊசி குத்திப் பார்த்து, தைத்து, உடம்போடு ஒட்ட வைத்திருந்தாள்.

இடுப்பில் ஒரு கை. முகவாய் லேசாக மேலே. ஒரு கால் முன்னே. கண்ணாடி முன்னால் குண்டூசி அப்படியே பொம்மையாக நின்றாள்.

"அடியே, அடையாளமே தெரியலடி!" என்றாள் அக்கா. "யாரு பெத்த புள்ளையோன்னு இருக்கு."

"நம்ம அம்மா பெத்ததுதான். ஒண்ணு அழகா, ஒண்ணு வேன் ஓட்ட."

"வாய் மட்டும் குறையல." அக்கா சிரித்துக்கொண்டே பையைக் கிளறினாள். ஒரு கம்பளித் துண்டு கையில் அகப்பட்டது. சாம்பல் நிறத்தில், கழுத்தை மூடுகிற உயரக் காலர். அதற்குக் கீழே கைப்பிடி அகலம் துணி. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னடி, ஸ்வெட்டரோட தலை மட்டும் இருக்கு? உடம்பு எங்க?"

"உடம்பெல்லாம் கிடையாது. கோட்டுக்கு வெளிய தெரியறது காலர் மட்டும்தான? அது போதும். பொம்மைக்கு நாங்க அப்படித்தான் போடுவோம். உள்ள முழு ஸ்வெட்டர் போட்டா கோட்டு உப்பிக்கும்."

"அப்ப இது?" அக்கா எடுத்துக் காட்டியது இரண்டு தனிக் கைப்பட்டைகள். சட்டையின் மணிக்கட்டுப் பாகம் மட்டும்.

"அதுவும் அப்படித்தான். கோட்டுக் கையில இருந்து கொஞ்சம் எட்டிப் பாக்கணும்."

அத்தான் மடியிலிருந்த மெத்தையை மறந்து எழுந்து நின்றுவிட்டார். "ஏம்மா குண்டூசி, காலர் இருக்கு, கைப்பட்டை இருக்கு. நடுவுல இருக்கிற ஆளுக்கு என்ன ஏற்பாடு?"

"கோட்டு இருக்கே!"

"கோட்டுக்குள்ள?"

"மெல்லிசா ஒரு சட்டை. பட்டு மாதிரி வழவழன்னு. அப்பதான் கோட்டு அழகா விழும்."

"நீ விறைச்சு விழுவ, கோட்டு அழகா விழும். ரெண்டு பேரும் சேர்ந்து விழுங்க!"

அக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. குண்டூசிக்கோ மூக்கு சிவந்துவிட்டது. "எப்பப் பாத்தாலும் கிண்டல். உங்க ரெண்டு பேருக்கும் இது துணி. எனக்கு இது வாழ்க்கை. அந்தம்மா கதவைத் திறந்து என்னைப் பாக்குற முதல் பார்வையிலயே பாதி முடிவு ஆயிடும். அதுல நான் மூட்டை மாதிரி நிக்கணுமா?"

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. நான் ஒண்ணு சொல்றேன். நாளைக்குக் காலையில என் கிடங்குக்கு வா. இதே கோட்டு, இதே தலையில்லாத, சே, உடம்பில்லாத ஸ்வெட்டர், எல்லாம் அப்படியே மாட்டிக்கிட்டு வா. உள்ள ஒரு சுத்து நடந்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னு நீ சொல்லிட்டா, இந்த ஜாக்கெட்டைப் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டேன். ரயில் வரைக்கும் உன் பையை நானே தூக்கிட்டு வர்றேன்."

"நிஜமா?"

"உங்க அக்கா மேல ஆணை."

"என் மேல எதுக்கு? உங்க மீசை மேல வைங்க," என்றாள் அக்கா.

மறுநாள் காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்த காலி வேனில் மூவரும் கிடங்குக்குப் போனார்கள். வெளியே நல்ல வெயில். கோட்டுக்குள் குண்டூசிக்கு வியர்த்தது. வியர்க்க வியர்க்க அவள் நம்பிக்கையும் ஏறியது. இந்தக் கோட்டுக்குள்ளா குளிரும்?

கிடங்குக் கதவு சுவர் கனத்துக்கு இருந்தது. அத்தான் நெம்புகோலை இழுத்ததும், அடுப்பில்லாமலே வெளியே புகை புரண்டு வந்தது. குண்டூசி முகவாயைத் தூக்கிக்கொண்டு, பூட்ஸ் ‘டக் டக்’கென்று ஒலிக்க உள்ளே நடந்தாள். இருபுறமும் கூரை வரை தட்டுகள். தட்டுகளில் பெட்டிகள். பெட்டிகள் மேல் வெள்ளை வெள்ளையாக உறைபனி. பெட்டி தூக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தவரை எல்லோரும் மீசை என்பார்கள். அந்த மீசை நுனியில் அப்போதே பனி கோத்திருந்தது. வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"சார், புது சரக்கு வந்திருக்கு போல. எந்தத் தட்டுல ஏத்தணும்?"

"என் கொழுந்தியாய்யா!"

"ஐயோ, மன்னிச்சிருங்கம்மா. பொம்மைன்னு நெனச்சிட்டேன்."

குண்டூசிக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பொம்மை என்று நினைத்தாராமே! அதைவிட என்ன பாராட்டு வேண்டும்? ஆனால் அந்தப் பெருமை முதல் வரிசையின் பாதியைத் தாண்டவில்லை. குளிர் முதலில் காதைப் பிடித்தது. அப்புறம் பூட்ஸின் மெல்லிய அடிப்பாகம் வழியாகக் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தேடி வந்தது. கோட்டின் முன்பக்கத் திறப்பு வழியாகப் புகுந்து, வழவழப்பான சட்டைக்குள் கையை விட்டு, விலா எலும்புகளை வரிசையாகத் தடவிப் பார்த்தது. மூச்சு விட்டபோது காலர் துண்டு கழுத்திலிருந்து நழுவி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. உடம்பு இல்லாத காலர், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

"எப்படி இருக்கு?" என்றார் அத்தான் பின்னாலிருந்து.

"நல்… நல்லாத்தான் இருக்கு."

"பல்லு தாளம் போடுதே?"

"அது சந்தோ… சந்தோஷத்துல."

அத்தான் விடவில்லை. "சரி, ஒண்ணே ஒண்ணு. அந்த மேல் தட்டுல பட்டாணிப் பாக்கெட் இருக்கு பாரு. அதை எட்டி எடுத்துக் குடுத்துடு. போதும், நீ ஜெயிச்ச."

இதென்ன பெரிய வேலை? குண்டூசி இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

தூக்கப் பார்த்தாள் என்று சொல்வதுதான் சரி. கைகள் தோள் வரை வந்தன. அதற்கு மேல் யாரோ பின்னால் நின்று இழுத்துப் பிடிப்பது போல் இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எம்பினாள்.

டர்ர்ர்ர்!

அந்தச் சத்தம் தட்டுக்குத் தட்டு மோதி எதிரொலித்தது. மீசை வண்டியை அணைத்தே விட்டார். கோட்டு முதுகில் கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்த வாய் வழியாகக் கிடங்கின் மொத்தக் குளிரும் குண்டூசியின் முதுகில் வந்து உட்கார்ந்தது.

அவள் கையை இறக்கவில்லை. தூக்கின கை தூக்கினபடி நின்றாள். குளிரெல்லாம் மறந்து போய், ஒரே ஒரு எண்ணம்தான் தலைக்குள் ஓடியது. பொம்மை கையைத் தூக்காது. அவள் அளவெடுத்தது பொம்மைக்கு. அது இடுப்பில் கை வைத்து அப்படியே நிற்கும். குனியாது, எட்டாது, மூச்சுகூட விடாது. அவளும் கண்ணாடி முன்னால் பொம்மை மாதிரியே நின்று நின்று பார்த்தாளே தவிர, ஒரு தடவையாவது கையைத் தூக்கிப் பார்த்தாளா? அங்கே போய்ச் செய்யப் போகிற வேலையே கையைத் தூக்குகிற வேலைதானே! பொம்மைக்குத் தொப்பி வைக்கணும், விளக்கைத் திருப்பணும், மேலிருந்து நூல் கட்டித் தொங்கவிடணும்.

"ஐயோ குண்டூசி, நான் சும்மா விளையாட்டுக்குத்தான்மா…" அத்தானின் குரல் கீழே போய்விட்டது. தான் போட்டிருந்த மெத்தை ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்து அவள் மேல் போர்த்தினார். அவள் மறுக்கவில்லை. அது எவ்வளவு சூடாக இருந்தது என்பதை மட்டும் அவள் இன்றுவரை வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை.

வேனில் காத்திருந்த அக்கா, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு மூக்கு மட்டும் எட்டிப் பார்ப்பதைக் கண்டு முதலில் சிரித்தாள். அப்புறம் அந்த மூக்குக்கு மேலே இருந்த கண்களைப் பார்த்து நிறுத்தினாள்.

"என்னங்க பண்ணீங்க அவளை?"

"பட்டாணி எடுக்கச் சொன்னேன்."

"பட்டாணியா? சாயங்காலம் ரயிலை வெச்சுக்கிட்டுப் பட்டாணி எடுக்க அனுப்பினீங்களா? அறிவிருக்கா?"

"அக்கா, அவரைத் திட்டாத." குண்டூசி பின் இருக்கையில், பிள்ளைகள் உட்காருகிற குட்டை இருக்கையில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தாள். "இங்க கிழிஞ்சது. அங்க, அந்தம்மா முன்னாடி, அந்தக் கண்ணாடிக்குள்ள, தெருவே பாக்க கிழிஞ்சிருந்தா?"

அக்கா அவள் கழற்றின கோட்டை வாங்கி மடியில் விரித்துப் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "ஏண்டி, நீ கிழிஞ்சது கிழிஞ்சதுங்கற. துணி எங்கடி கிழிஞ்சிருக்கு?"

குண்டூசி பிடுங்கிப் பார்த்தாள். விளிம்பைத் தடவினாள். உள்ளே புரட்டினாள். துணியில் ஒரு கீறல்கூட இல்லை. அறுந்தது நூல். தையல்தான் விட்டிருந்தது. உள்ளே, மடித்த துணி மடித்தபடி, அகலமாக, கத்தரியே படாமல், அப்படியே இருந்தது.

அவள் கத்திய கத்தலில் அக்கா தவறிப்போய் ஹாரனை அழுத்திவிட்டாள்.

"நான் வெட்டல! அக்கா, நான் வெட்டவே இல்ல!"

வெட்டியிருக்க மாட்டாள். பொம்மைக்கு உடுத்துகிறவர்கள் வெட்டக் கூடாது. பொம்மை மேல் இருக்கிற துணி நாளைக்கு விற்கிற துணி. பருவம் முடிந்ததும் ஊசியை உருவி, தையலைப் பிரித்து, பழையபடி தட்டில் வைத்தாக வேண்டும். அதனால் பின்னால் மடிப்பார்கள், குத்துவார்கள், பிரிக்கத் தோதாகப் பெரிய பெரிய தையலாகப் போடுவார்கள். கத்தரியை மட்டும் தொட மாட்டார்கள். கோட்டு சொந்தமான பிறகும், குண்டூசியின் கை பழக்கதோஷத்தில் வெட்டாமலே மடித்துத் தைத்திருந்தது. கோட்டைக் கெடுத்தது எந்தப் பழக்கமோ, அதே பழக்கம் கோட்டைக் காப்பாற்றியும் வைத்திருந்தது.

"வீட்டுக்கு விடு வண்டியை!" என்றாள் குண்டூசி. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஆள் முழுசாக வெளியே வந்துவிட்டாள்.

சாப்பாட்டு மேஜை தையல் மேஜையானது. "அக்கா, நீதான் இன்னைக்குப் பொம்மை. வந்து நில்லு. முதல்ல உன் கம்பளி ஸ்வெட்டரைப் போடு. உடம்போட இருக்கிறது!"

அக்காவும் அவளும் ஏறக்குறைய ஓர் அளவு. அக்கா ஸ்வெட்டர் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். நின்றாள் என்றா சொன்னேன்? அக்கா நிற்கிற ஜென்மமா? ஒரு நிமிஷம் கழுத்தைச் சொறிந்தாள், ஒரு நிமிஷம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். குண்டூசிக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"ஸ்டியரிங்கைத் திருப்பு."

அக்கா காற்றில் வேனைத் திருப்பினாள். முதுகில் எங்கே இழுக்கிறது என்று குண்டூசி சோப்பால் கோடு போட்டாள்.

"இப்ப மேல இருக்கிற டப்பாவை எடு. இப்பக் குனி. இப்ப யாரையாவது அடிக்கிற மாதிரி கை ஓங்கு."

"என்னங்க, கொஞ்சம் கிட்ட வாங்களேன்," என்றாள் அக்கா.

அத்தான் கதவருகிலேயே நின்றுகொண்டார். "நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்."

உள்ளே அடங்கிக் கிடந்த துணியையெல்லாம் குண்டூசி ஒரு பெரிய மடிப்பாக்கினாள். கழுத்துக்குக் கீழே ஒரு தையல். இடுப்பில் கோட்டுத் துணியிலேயே ஒரு பட்டை, இரண்டு பொத்தான். நடுவில் மடிப்புத் தன்னிஷ்டப்படி விடப்பட்டது. சும்மா நின்றால் மூடிக்கொண்டு பழைய ஒரே கோடு. கையைத் தூக்கினால் புத்தகம் மாதிரி விரியும். இறக்கினால் மறுபடி மூடும். ஆவி விட்டுத் தேய்த்ததும் பழைய ஊசித் தடங்கள் காணாமல் போயின.

அக்கா கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "அடியே… இது முன்பக்கத்தைவிட நல்லா இருக்குடி."

குண்டூசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் இந்த முறை கண்ணாடி முன்னால் பொம்மையாக நிற்கவில்லை. தானே மாட்டிக்கொண்டு குதித்தாள், குனிந்தாள், பீரோ மேலிருந்து பெட்டியை எடுத்துத் திரும்ப வைத்தாள், அக்காவைக் கட்டிப் பிடித்துச் சுற்றினாள். ஒரு நூல்கூட முனகவில்லை.

அப்புறம் பை அடுக்கினது தனிக் கூத்து. உடம்பில்லாத காலரும் ஆளில்லாத கைப்பட்டையும் வெளியே போயின. உடம்போடு ஒட்டுகிற மெல்லிய கம்பளி உள்சட்டை, அதன் மேல் சாம்பல் நிற முழு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் கோட்டு. ஒன்றன் மேல் ஒன்றாக மெல்லிசாகப் போட்டால் உப்பாது, சூடும் நிற்கும். கனமானதையெல்லாம் உடம்பில் போட்டுக்கொண்டால் பைக்குள் இடம்தான் இடம். குதிகால் பூட்ஸுக்குப் பதிலாக, மழைக்காக வாங்கி வைத்திருந்த தட்டை பூட்ஸ். கறுப்பு, பளபளப்பு, கோட்டுக்கென்றே பிறந்த ஜோடி மாதிரி. கழுத்துக்கு மஞ்சள் மஃப்ளர், ஏனென்றால் மாதுளைக்கு மஞ்சள்தான் எடுப்பாக இருக்கும். தொப்பிக்குள் கையுறை, கையுறைக்குள் காதணி.

கிளம்புகிற நேரத்தில் பையைத் தூக்கிப் பார்த்தாள். சந்தேகம் வந்தது. திறந்தாள். மெத்தை!

"அத்தான்!"

"சரி சரி, எடுத்துடறேன்." அவர் ஜாக்கெட்டை உருவி எடுத்துக்கொண்டார். இவ்வளவு சுலபமாக அவர் விட்டுக்கொடுத்ததில் குண்டூசிக்கு அப்போதே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். ரயில் நிலையம் வரை பையை அவரே தூக்கி வந்தார். "அப்ப நான்தான ஜெயிச்சேன்?" என்று கேட்டதற்கு, "நீ எங்க ஜெயிச்ச, பட்டாணி இன்னும் அங்கதான் இருக்கு," என்றார்.

ரயிலில் பூட்ஸை மாற்றிப் போடப் பையைத் துழாவினபோதுதான் அகப்பட்டது, கிடங்குக்காரர்கள் போடுகிற தடித்த கம்பளிக் காலுறை. ஆரஞ்சு நிறம். கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு. குண்டூசி அக்கம்பக்கம் பார்த்தாள். மெதுவாக மாட்டிக்கொண்டு, அதன் மேல் கறுப்பு பூட்ஸைப் போட்டு மூடினாள். வெளியே தெரியாது. அத்தானுக்கும் ஸ்டைல் தெரிகிறது, உள்ளே மட்டும்.

அந்த நகரத்தில் இறங்கினபோது பனி, மாவு சலிக்கிற மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. குண்டூசி ஒரு மூச்சு உள்ளே இழுத்தாள். காது சுட்டது. தொப்பியை இழுத்துவிட்டாள். விலா எலும்புப் பக்கம் ஒருவரும் கை வைக்கவில்லை. கால் விரல்களைத் தேடி யாரும் வரவில்லை. டாக்சியைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள். முதுகு மடிப்பு விரிந்தது, மூடியது. தெருவில் நின்று அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து டாக்சிக்காரர் ஏற்றலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பார்.

மேலாளர் அம்மா கதவைத் திறந்தார். நரைத்த கிராப்பு, கழுத்தில் தொங்குகிற மூக்குக்கண்ணாடி. மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை. "வாங்க, ஷோகேஸைக் காட்டறேன்," என்று முன்னால் நடந்தார்.

ஷோகேஸுக்குள் கிடங்கை ஞாபகப்படுத்துகிற குளிர். "கண்ணாடியில ஆவி படியும்னு இங்க மட்டும் ஹீட்டர் போடறதில்ல. தாங்குவீங்களா?" என்றார் அம்மா.

"தாங்குவேங்க."

கோட்டின் பழைய தையலோடு வந்திருந்தால்? அந்த நினைப்பே அவளை வேலைக்குத் தள்ளியது. கொடுத்தது ஒரு பொம்மை, ஒரு சாம்பல் கோட்டு, நாள் முழுக்க நேரம். கோட்டு பொம்மைக்குப் பெரிசு. எப்போதும் அப்படித்தானே. பழக்கத்தில் கை குண்டூசிகளை உதட்டுக்குக் கொண்டு போனது. பின்னால் துணியை மடித்துப் பிடித்தவள், அப்படியே நின்றாள். அக்காவின் குரல் காதில் கேட்டது. முன்பக்கத்தைவிட நல்லா இருக்குடி.

ஊசிகளைக் கீழே வைத்துவிட்டு நூலை எடுத்தாள்.

சாயங்காலம் மேலாளர் அம்மா தெருவுக்குப் போய் நின்று பார்த்தார். அவர் புருவம் நெற்றிக்கு ஏறியது. கண்ணாடிக்குள் பொம்மை தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றது. சாம்பல் கோட்டின் முதுகில் ஒரு மடிப்பு, நடக்கும்போது பிடித்து நிறுத்தியது போலப் பாதி விரிந்திருந்தது. ஒரு கை மேலே உயர்ந்து, உள்ளே யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தலை கடைப் பக்கம் திரும்பியிருந்தது.

"ஏம்மா, வர்றவங்களுக்கு முதுகைக் காட்டினா மரியாதையா இருக்குமா?"

பின்னாலேயே வந்திருந்த குண்டூசி கெஞ்சினாள். "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாங்களா?"

இருவரும் உள்ளே வந்து நின்றார்கள். குடை பிடித்த ஒருவர் கண்ணாடி முன் நின்றார், பார்த்தார், போய்விட்டார். அடுத்து இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். போனவர்கள் நின்றார்கள். திரும்பி வந்தார்கள். ஒருத்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டி, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. கதவு திறந்தது.

"ஒண்ணுமில்லங்க, அந்தப் பொம்மையோட முகம் எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு…"

பார்த்தார்கள். சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி, "அந்தக் கோட்டு என் அளவுல இருக்கா?" என்றாள். அவள் போட்டுப் பார்க்கும்போதே கதவு மறுபடி திறந்தது. முதலில் போய்விட்ட குடைக்காரர், குடையை மடக்கிக்கொண்டு, கூச்சத்தோடு, பொம்மை இருக்கும் பக்கமாக நடந்தார்.

மேலாளர் அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். மாட்டிக்கொண்டு, குண்டூசியைச் சுற்றி நடந்து, அவள் முதுகைப் பார்த்தார்.

"காலையிலேயே கேக்கணும்னு நெனச்சேன். இந்த மடிப்பை யாரு தெச்சது?"

"நான்தாங்க. கிழிஞ்சு போச்சு, அதான்."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "நாளையிலிருந்து பக்கத்துக் கண்ணாடியையும் பாத்துக்கோங்க. அப்புறம் அடுத்தது."

குண்டூசி வெளியே ஓடி வந்து ஃபோன் போட்டாள். அந்தப் பக்கம் அக்கா கத்தினது தெருமுனை வரை கேட்டிருக்கும். அதற்கு நடுவில் அத்தான் ஃபோனைப் பிடுங்கி, "குளிர் எப்படிம்மா?" என்றார்.

"என்ன குளிரு? எங்க குளிரு? வேர்க்குது அத்தான்!"

"காலுறை?"

"எந்தக் காலுறை?" என்றாள் குண்டூசி. ஆரஞ்சு கால் விரல்களைப் பூட்ஸுக்குள் சந்தோஷமாக அசைத்துக்கொண்டாள். கையைத் தூக்கி ஒரு சோம்பல் முறித்தாள். முதுகு மடிப்பு விரிந்தது, மூடியது. காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் பனியில் வெள்ளையாக வெளியே போனது.

கண்ணாடிக்கு முன்னால் இன்னும் ஆட்கள் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருங்கள், உங்களைத்தான் கேட்கிறேன். அந்தக் குளிரில், அந்தத் தெருவில், நீங்கள் நடந்து போயிருந்தால், முதுகைக் காட்டி நிற்கிற அந்தப் பொம்மையின் முகத்தைப் பார்க்க உள்ளே போயிருப்பீர்களா, மாட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்!